தேடுகிறவர் மீது பழி போடாதீர்கள்

"எல்லாம் நெட்லயே இருக்கு. பேரைப் போட்டா வந்துடும்." அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பள்ளி அலுவலக அறைகளிலும் இன்று இந்தப் பதில்தான் கிடைக்கிறது. பேரைப் போட்டும் வரவில்லை என்று மறுபடி போய் நின்றால், "உங்களுக்குத் தேடத் தெரியலை" என்ற அடுத்த பதிலும் தயாராக இருக்கிறது. கணினித் துறையில் இருப்பவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். கிராமத்து மக்களுக்கு டிஜிட்டல் அறிவு போதாது, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு, அநியாயமும்கூட. தருமபுரி மாவட்டத்தில் ஒரு சங்கத்தையோ பள்ளியையோ அலுவலகத்தையோ அதன் பெயரைச் சொல்லி இணையத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், குறை பெரும்பாலும் தேடியவரிடம் இல்லை. அந்தப் பெயரைத் தேடிக் கண்டெடுக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டியது உன் வேலை என்று எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. செய்யப்படாத ஒரு பொதுப்பணிக்கான தண்டனையைப் பொதுமக்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அரசு ஆவணங்களில் தருமபுரி. செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் தர்மபுரியும் உண்டு. மனிதனுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் ஒன்று. பெரிய தேடுபொறிகள் இதை ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டன. துறைசார் தளங்களுக்குள் இருக்கும் சின்னத் தேடல் பெட்டிகளில் பலவற்றுக்கு ஒரு எழுத்து மாறினாலும் 'பதிவு இல்லை' என்பதுதான் தெரியும். ஆங்கில எழுத்தில் போட்டாலோ தெலங்கானாவில் ஜகித்யால் மாவட்டத்து தர்மபுரி குறுக்கே வருகிறது. கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயில் இருக்கும் ஊர் அது. அங்கும் ஒரு தர்மபுரி சட்டமன்றத் தொகுதி, இங்கும் ஒன்று.

2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றும் அரசாணை வெளியானது. அந்தப் பட்டியலில் தருமபுரிக்கு முதலெழுத்தே மாறியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அன்று நடந்த வாதமெல்லாம் எந்த எழுத்துக்கூட்டல் சரி என்பதைப் பற்றித்தான். பழைய எழுத்தில் தேடுகிறவரைப் புதிய எழுத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்ற கேள்வி என் காதில் விழவே இல்லை. எது சரி என்பதைவிட அதுதான் முக்கியமான கேள்வி. ஒரு ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டல் இருந்துவிட்டுப் போகட்டும். நான்கில் எதைப் போட்டாலும் அதே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாவட்டத்துக்குள் இறங்கினால் சிக்கல் இன்னும் நெருங்கித் தெரிகிறது. பாலக்கோட்டை வாயில் வருகிறபடி ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். பாலக்காட்டைத் தேடுகிறீர்களோ என்று போன் நினைத்துக்கொள்ள ஓரெழுத்து வித்தியாசம் போதும். கேரளத்து ஊர் பெரியது, அதைத் தேடுகிறவர்களும் அதிகம். பாப்பாரப்பட்டி வேறு, பாப்பிரெட்டிப்பட்டி வேறு என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. ஏ.பள்ளிப்பட்டியும் பி.பள்ளிப்பட்டியும் ஒரே பக்கத்து ஊர்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து. ஆங்கிலத் தேடலில் 'ஏ' என்பது பொருளில்லாத சிறு சொல், தள்ளிவிட்டுப் போகலாம் என்பது பழைய விதி. ஊரின் பெயரே அந்த விதியில் உதிர்ந்துவிடுகிறது.

அடுத்தது கொட்டாய். வயலுக்கு நடுவே பத்து வீடு, இருபது வீடு சேர்ந்திருக்கும் குடியிருப்பை இங்கே கொட்டாய் என்பார்கள். முதலில் குடியேறியவர் பெயரையோ நிலத்துக்காரர் பெயரையோ சேர்த்து இன்னார் கொட்டாய் என்று வழங்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது கொட்டாயும் கோட்டையும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஒரு கொட்டாயில் இருக்கும் அங்கன்வாடியையோ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியையோ பால் சங்கத்தையோ தேடுகிறவருக்குக் கோட்டைகளும் கோட்டைக் கோயில்களும் வந்து நிற்கும். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பெயர் மாவட்டம் முழுக்க ஒன்றேதான். ஊர்ப் பெயர்தான் பள்ளியின் பெயர். அது போய்விட்டால் பள்ளியும் போய்விட்டது.

சங்ககால மன்னர் அதியமான் பெயரைச் சூட்டாத தொழில் இந்தப் பக்கத்தில் குறைவு. பள்ளி, கல்லூரி, பேருந்து, அரிசிக் கடை என்று எங்கும் அவர் பெயர். ஒருவர் அதை ஆங்கிலத்தில் 'டி'யும் 'எச்'சும் சேர்த்து எழுதுகிறார். இன்னொருவர் அந்த இரண்டில் முதலெழுத்தையே மாற்றுகிறார், வேறொருவர் மானுக்கு 'ஏ'யை இரட்டிக்கிறார், மற்றொருவர் 'எச்'சை விட்டுவிடுகிறார். 'எச்' இல்லாமல் எழுதினால் அது துருக்கியில் ஒரு மாகாணத்தின் பெயர். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் பெருஞ்சேதம் கண்ட மாகாணம். ஓசூரில் உள்ள பொறியியல் கல்லூரியும் அதியமான் பெயரில்தான் இருக்கிறது. அது இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். மகன் சேர்ந்திருக்கும் பள்ளியின் எண்ணைத் தேடும் ஒரு தாய் இத்தனையையும் தாண்டித்தான் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். அவருக்குப் பயிற்சி போதவில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு நிறுவனத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அரூர் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கிறது சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை. 1925-இல் பாப்பாரப்பட்டியில் உயிர்விட்ட விடுதலை வீரரின் பெயர் அது. ஆங்கிலத்தில் 'சுப்பிரமணிய' என்பதை நான்கு விதமாகவாவது எழுதுகிறார்கள். சிவாவுக்கு 'எச்' போட்டும் போடாமலும் இரண்டு. கூட்டுறவுக்கு நடுவில் கோடு போட்டு, கோடு போடாமல், சுருக்கி என மூன்று. ஆலை ஒருமையிலும் வரும், பன்மையிலும் வரும். பெருக்கினால் 48 எழுத்துக்கூட்டல்கள், ஒரே ஆலைக்கு. கரும்புக்காரர்கள் பேச்சிலோ அது 'கோபாலபுரம் மில்லு'. கோபாலபுரம் என்று போட்டால் சென்னைக் கோபாலபுரமும் அரை நூற்றாண்டு அரசியல் செய்தியும் கொட்டும். பாலக்கோட்டில் இருக்கும் இன்னொரு கூட்டுறவு ஆலையின் பதிவுப் பெயரில் பாலக்கோடே கிடையாது. மாவட்டத்தின் பெயர்தான் இருக்கிறது. பேச்சில் அது 'பாலக்கோடு மில்லு'. கரும்பு வெட்டுவதற்கான கட்டிங் ஆர்டர் எப்போது வரும், நிலுவைத் தொகை என்ன ஆயிற்று என்று கேட்க எண் தேடும் விவசாயிக்குப் பேச்சு வழக்குப் பெயர்தான் தெரியும். அது அவருடைய அறியாமை இல்லை. ஊரே அந்தப் பெயரில் அழைக்கும்போது அதுவும் அந்த ஆலையின் பெயர்தான். பதிவேட்டில் ஏறாத பெயர், அவ்வளவே.

"பதிவுப் பெயரைத் தெரிந்துகொண்டு தேடட்டும்" என்பார்கள். பதிவுப் பெயராவது நிலையாக நிற்கிறதா? தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் 1997-இல் பெயர் இழந்தது. தலைவர்கள் பெயர்களை எடுத்துவிட்டு மாவட்டக் கழகங்களைத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள். இன்று தருமபுரி, சேலம் கழகத்தின் ஒரு மண்டலம். அன்று நடத்துநராக இருந்தவரின் பழைய சான்றிதழ்களில் இருக்கும் பெயரைப் போட்டுத் தேடினால் இன்றைய அலுவலகம் வராது. மின்சார வாரியம் 1957-இல் தொடங்கியது. 2010-இல் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமாக மாறி, 2024-இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் தளத்தின் முகவரியும் மாறியது. மக்கள் நாக்கில் அன்றும் இன்றும் அது 'ஈபி'. "இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வரும் மோசடிக் குறுஞ்செய்தி இத்தனை பேரை ஏமாற்ற முடிந்தது ஏன்? அந்த நேரத்தில் உண்மையான எண் எது என்று பார்த்துக்கொள்ள மக்களுக்கு ஒரே ஓர் உறுதியான இடம் இல்லை.

ரயில் நிலையத்தை யாரும் யோசிப்பதில்லை. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் வருகிறது. அதே மாவட்டத்து மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரிக்காரர் ஒரு புகாரோடு சேலம் கோட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் தம் நிலையம் அங்கே இல்லை என்பதே தெரியாமல் நெடுநேரம் தேடுவார். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தருமபுரி என்ற பெயரிலேயே இரண்டு மாவட்டங்களுக்கும் இருக்கிறது. நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கடமை தேடுகிறவருக்கு இல்லை என்பதுதான் என் வாதம்.

பெயரைப் போட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கணினி வலையமைப்பை முதலில் கட்டியவர்களிடம் அந்த நம்பிக்கை இருந்ததே இல்லை. 1970-களில் அமெரிக்காவின் அர்பாநெட்டில் எந்த நிறுவனத்தின் கணினி எது, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஸ்டான்ஃபர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் ஒரு குழு கவனித்துக்கொண்டது. பெயர்ப் பட்டியலை அவர்கள்தான் பராமரித்தார்கள், கையேடு அச்சிட்டார்கள், தொலைபேசியில் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். தேடித் தருவது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும் என்பதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தார்கள். கணினிகள் பெருகியதும் 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். முகவரியின் எழுத்துகளை எண்ணாக மாற்றித் தருவது அதன் வேலை. முகவரி தெரிந்தவருக்குத்தான் அது உதவும். பெயர் மட்டும் தெரிந்தவருக்கு முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த வேலைக்கென்றே இன்னொரு முறை வகுத்தார்கள். 1988-இல் எக்ஸ்.500 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. நாடு, அதற்குள் நிறுவனம், அதற்குள் பிரிவு, அதற்குள் ஆள் என்று உலகம் முழுவதற்கும் ஒரே பெயர்க் கோவை அமைக்கும் கனவு அது. பொதுமக்கள் கைக்கு அது வரவே இல்லை. அதன் எளிய வடிவம் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர் பட்டியலை வைத்துக்கொள்ளப் பயன்பட்டதோடு சரி. பிறகு தனியார் வந்தார்கள். யாஹூ 1994-இல் மனிதர்களை வைத்து வகைப்படுத்திய பட்டியலோடு தொடங்கி 2014-இல் அதை மூடியது. தன்னார்வலர்களைக் கொண்டு தொகுக்க 1998-இல் தொடங்கிய டிமோஸ் பட்டியல் 2017-இல் மூடப்பட்டது. நிறுவனப் பெயரை அடித்தாலே தளத்துக்குப் போய்விடலாம் என்று காசு வாங்கிய ரியல்நேம்ஸ் 2002-லேயே போய்விட்டது. சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். சந்தை இதை எடுத்தது, லாபம் வராதபோது கீழே போட்டுவிட்டுப் போனது.

நம் நாட்டிலும் இந்த வேலையைச் செய்த ஒரு காலம் உண்டு. தொலைபேசித் துறை எண்களின் கையேடு போட்டது. 197-க்கு அடித்து ஊரையும் பெயரையும் சொன்னால், எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டாலும் ஒரு மனிதர் கேட்டுப் புரிந்துகொண்டு எண்ணைச் சொன்னார். 'கோபாலபுரம் மில்லு' என்றால் அந்த ஊழியருக்குப் புரியும். செல்போன் வந்ததும் அந்தப் பணியின் மதிப்பு போய்விட்டது. அதன் இடத்தை எதுவும் நிரப்பவில்லை.

வரைபடச் செயலி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். வழி கண்டுபிடிக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஊசி குத்துகிறவர் யாரோ ஒரு வழிப்போக்கர். பெயரைத் திருத்துகிறவரும் எண்ணைச் சேர்க்கிறவரும் முகம் தெரியாதவர்கள். வங்கி வாடிக்கையாளர் சேவை எண் என்று மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைத்து, தேடி வந்தவரின் பணத்தைச் சுருட்டுவது நாடு முழுக்க நடந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில், தேடுபொறியில் கிடைத்த எண்ணை நம்பி ஏமாறுவது ஒரு தனி மோசடி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அறிவுரை. அதிகாரப்பூர்வத் தளம் எது என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே ஒருவர் தேடுகிறார்!

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒருபடி மேலே போனது. இந்திய வங்கிகள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று அறிவித்து, பிறகு 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. அந்த முகவரியை வங்கிகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. நான் இதை முழு மனதோடு வரவேற்கிறேன். கவனிக்க வேண்டியது, இது எதை ஒப்புக்கொள்கிறது என்பதை. பெயரைப் போட்டுத் தேடுவது போதாது, எச்சரிக்கையும் போதாது, பெயரையும் முகவரியையும் இணைத்துக் காக்கும் பொறுப்பை ஒரு பொது அமைப்பு ஏற்க வேண்டும் என்று நாட்டின் மைய வங்கியே ஒப்புக்கொண்டுவிட்டது. தேடத் தெரியவில்லை என்று இன்னும் மக்களைக் குறை சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு தருமபுரி விவசாயிக்கு எவ்வளவு தூரம் வரும்? அவர் நகைக்கடன் வாங்குவதும் பயிர்க்கடன் வாங்குவதும் பெரும்பாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். ஊரில் அதை 'சொசைட்டி பேங்க்' என்பார்கள். சட்டப்படி அது வங்கி இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் பெயரில் வங்கி என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. ஆகவே அந்தப் புதிய முகவரி சங்கத்துக்குக் கிடைக்காது. மக்கள் சொல்லும் பெயர் சட்டத்துக்கு ஆகாது, சட்டம் சொல்லும் பெயர் மக்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் மோசடிக்காரருக்கு வேண்டிய அளவு இடம் கிடக்கிறது. பணம் போன பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்கச் சொல்கிறோம்.

தமிழிலேயே எல்லாம் வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற தமிழன்பர்கள் உண்டு. நானும் அதை விரும்புகிறவன்தான். ஆனால் அதுவும் தானாக நடக்காது. .இந்தியா என்று முடியும் தமிழ் முகவரி இருக்கிறது. சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் இருப்பதுபோல. நம் அலுவலகப் பலகைகளில் அதை எங்கே பார்க்கிறோம்? தமிழ் எழுத்தின் உள்ளே வேறு சிக்கல்கள் இருக்கின்றன. 'கௌரி' என்று ஔகாரக் குறியோடு எழுதுவதும், 'கெளரி' என்று ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு வெவ்வேறு. கோயில் முதல் நர்சரி பள்ளி வரை பெயரின் முதலில் வரும் 'ஸ்ரீ'யைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். எந்த ஸ்ரீயில் பதிந்தார்களோ அந்த ஸ்ரீயில் தேட வேண்டும். இதை எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பது?

2010-இல் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் அடித்தார்கள். இன்றும் அடிக்கிற இடங்கள் உண்டு. அப்படி அடித்த சங்கப் பட்டியல் ஒன்றைத் திரையில் பார்த்தால் அழகான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் கலந்த குப்பை. தேடுபொறி பார்ப்பது அந்தக் குப்பையைத்தான். இன்னும் சில அலுவலகங்களில் பட்டியலை அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்து வாங்கி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். கொஞ்சம் சாய்ந்த ஒரு புகைப்படம் அது. அதில் ஊர்ப் பெயரும் இருக்கும், சங்கப் பெயரும் இருக்கும், எண்ணும் இருக்கும். "நாங்கள் வெளியிட்டுவிட்டோம்" என்று அலுவலகம் சொல்லும். உண்மைதான், வெளியிட்டார்கள். கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வெளியிட்டார்கள்.

இப்போது புதிதாகச் சொல்கிறார்கள்: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எழுத்துக்கூட்டல் பிழையெல்லாம் அது புரிந்துகொள்ளும். பிழையைப் புரிந்துகொள்ளும் என்பது சரி. எங்குமே எழுதப்படாத எண்ணை அது எங்கிருந்து எடுக்கும்? இணையத்தில் அதிகம் எழுதப்பட்டதைத்தான் அது நன்றாகச் சொல்லும். எழுதப்படாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லாமல், நம்பும்படியான ஒரு பதிலை உருவாக்கிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. தவறான எண்ணைத் தயங்காமல் சொல்லும் ஒரு குரல், பதிலே வராத வெற்றுப் பக்கத்தைவிட ஆபத்தானது.

அதிகம் எழுதப்பட்டதே கிடைக்கும் என்பதற்கு இதே மாவட்டத்து சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே பழங்குடி மக்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதன் பதிவுப் பெயர் ஆங்கிலத்தில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ். மலைக்காரர்களுக்கு அது ட்ரைபல் ஆஸ்பத்திரி. எந்தப் பெயரைப் போட்டாலும் அது கிடைக்கும். நாடெங்கிலுமிருந்து பத்திரிகையாளர்களும் மருத்துவ மாணவர்களும் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட வேண்டிய பணி அது. கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தை அதன் பெயரைச் சொல்லித் தேடிப் பாருங்கள். அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. அங்கே வேலை பார்க்கும் செவிலியரைத்தான் நள்ளிரவில் முதலில் கூப்பிட வேண்டியிருக்கும். ஒரு பொது நிறுவனம் கண்ணில் படுவதற்கு வெளியூர்க்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் அமைப்பு விவரம், கடமைகள், அலுவலர்களின் கையேடு ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்குப் பொருத்தமான முறையையும் கருத்தில் கொண்டு மக்களிடம் சேர்க்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இருபது ஆண்டுகளாக நாம் இந்தச் சட்டத்தை மனுப் போட்டுப் பதில் வாங்கவே பயன்படுத்தி வருகிறோம். நான்காம் பிரிவு ஒழுங்காக நடந்தால் மனுக்களில் பாதி தேவையே இல்லை.

எண்களுக்கும் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கிறது. வங்கிக் கிளைக்கு ஐ.எஃப்.எஸ்.சி., ஊருக்கு உள்ளாட்சிக் கோவை எண், தொண்டு நிறுவனத்துக்கு தர்பண் எண், எல்லாவற்றுக்கும் மேலே 1972-இலிருந்து அஞ்சல் எண். அரசுக்குத் தன் நிறுவனங்கள் எவை, எங்கே இருக்கின்றன என்று நன்றாகவே தெரியும். இல்லாதது ஒன்றுதான். அந்த எண்ணுக்கு எதிரே மக்கள் அதை அழைக்கும் எல்லாப் பெயர்களும் எழுதப்படவில்லை: தமிழில் வழங்கும் வடிவங்கள், ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக்கூட்டல்கள், 1997-க்கு முந்திய பெயர், 2004-க்கு முந்திய மாவட்டம், பேச்சு வழக்குப் பெயர், அதோடு சரிபார்த்த ஒரு தொலைபேசி எண். தனியார் அறக்கட்டளைகளும் இதில் வர வேண்டும். கம்பெனிக்குப் பெயர் வைக்கும்போது ஏற்கெனவே இருக்கும் பெயரோடு மோதுகிறதா என்று சட்டம் பார்க்கிறது. அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதியும்போது அப்படிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. ஒரே பெயரில் இரண்டு அறக்கட்டளைகள் பக்கத்துப் பக்கத்து ஊரில் நன்கொடை கேட்கலாம்.

பெரிய வேலை, செலவு பிடிக்கும், இரண்டே வருடத்தில் பழசாகிவிடும் என்பார்கள். பழசாகும் என்பது சரியான கவலை. அதற்கு வழி, எண்ணோ முகவரியோ மாறும்போது முதலில் பட்டியலில் மாற்றிவிட்டுப் பிறகே பெயர்ப் பலகையை மாற்ற வேண்டும் என்று அலுவலகத் தலைவரைப் பொறுப்பாக்குவது. பெரிய வேலை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தருமபுரி மாவட்டத்தில் இருப்பது 7 வட்டங்கள், 251 ஊராட்சிகள். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு செயலர் இருக்கிறார். எந்தக் கொட்டாய்க்கு மக்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், பால் சங்கம் யார் வீட்டு எதிரில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இதே நிர்வாகம் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் வாக்குச்சாவடிப் பட்டியல் தயாரிக்கிறது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தப் பக்கத்துக் கட்டடம், அந்தச் சாவடிக்கு எந்தெந்தத் தெருவும் கொட்டாயும் சேரும் என்று அதில் தமிழில் எழுதியிருக்கும். ஒரு பள்ளியின் பெயர் தப்பாக அச்சானால் கட்சிக்காரர்கள் விட மாட்டார்கள், அதிகாரிகள் உடனே திருத்துகிறார்கள். சித்தேரி மலையில் இருக்கும் சாவடியும் அந்தப் பட்டியலில் விட்டுப்போவதில்லை. பெயர் தெரியும், ஊர் தெரியும், திருத்தும் வழியும் தெரியும். அந்தப் பட்டியலில் உள்ள பள்ளிகளில் தொடங்கி, அடுத்து கூட்டுறவுச் சங்கங்கள், அதற்கடுத்து சுகாதார நிலையங்கள் என்று ஊராட்சிவாரியாக எழுதி, ஒருங்குறியில் அடித்து, மாவட்டத் தளத்தின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் நாம் கொடுக்க வேண்டிய மனு இதுதான்.